அப்டேட் முறிவியல்: ஓர் அறிமுகம்

உருளும் வெளியீடு என்பது பதிப்பு எண் இல்லாத இயங்குதளத்தைக் குறிக்கும். டெபியன் 12, உபுண்டு 24.04 என்று எண்ணிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுவது ஒரு முறை. அப்படிச் செய்யாமல், கர்னலோ பிரவுசரோ எழுத்துருவோ, எது எப்போது புதிதாக வருகிறதோ அதை அவ்வப்போதே பயனரின் கணினிக்குள் இறக்கிவிடுவது உருளும் முறை. ஜட் வினெட் 2002 மார்ச்சில் முதன்முதலாக வெளியிட்ட ஆர்ச் லினக்ஸ், மூலநிரலிலிருந்தே அனைத்தையும் கட்டிக்கொள்ளும் ஜென்டூ, வாய்ட், 2014 நவம்பரில் ஃபேக்டரி கிளையுடன் இணைந்து இன்றைய வடிவம் பெற்ற ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் ஆகியவை இக்குடும்பத்தில் பெயர் பெற்றவை. டெபியனின் நிலையற்ற கிளையையும் இதில் சேர்ப்பது வழக்கம். டெபியன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்தின் பாத்திரங்களிலிருந்து பெயர் வைக்கிறார்கள். நிலையற்ற கிளைக்கு வாய்த்த பெயர் சிட். படத்தில் சிட் என்பவன் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளை உடைக்கும் பையன். பெயர் சூட்டியவர்கள் எதையும் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

இத்தகைய கணினியில் அப்டேட் போட்டபின், நேற்றுவரை வேலை செய்த ஒன்று இன்று வேலை செய்யாமற்போவது முறிவு எனப்படும். அதன் காரணம், வகை, குறி, மருந்து ஆகியவற்றை ஆராயும் துறை முறிவியல். துறையின் முதல் இடர்ப்பாடு தரவு சார்ந்தது. பத்தாண்டுகளாக ஆர்ச் வைத்திருக்கும் ஒருவரிடம் இதுவரை எத்தனை முறை உடைந்தது என்று கேட்டால், 'ஒரு தடவைகூட இல்லை' என்று விடை வரும். அதே கணினியின் பேக்மேன் பதிவேட்டைத் திறந்தால் வேறு வரலாறு கிடைக்கும். பேக்கேஜ் மேலாளரான பேக்மேன், தான் நிறுவியது, நீக்கியது, கீழிறக்கியது அனைத்தையும் நாள் நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. ஒரே மென்பொருள் இரவு பதினொன்றரைக்கு மேலேற்றப்பட்டு, பன்னிரண்டுக்குக் கீழிறக்கப்பட்டு, பன்னிரண்டே காலுக்கு மறுபடி ஏற்றப்பட்டு, ஒன்றே முக்காலுக்கு மறுபடி இறக்கப்பட்டிருப்பதை அங்கே காணலாம். வாய்மொழிச் சான்றும் எழுத்துச் சான்றும் இவ்வளவு தூரம் விலகி நிற்பது ஆய்வுக்குரியது. சொன்னவர் பொய் சொல்லவில்லை என்பதே துறையின் முடிபு. அவர் கணக்கில் எவையெல்லாம் முறிவாகச் சேர்வதில்லை என்று தெரிந்துகொண்டால் கூட்டுத்தொகை சரியாகவே வரும்.

காலம்

அப்டேட் எப்போது போடப்படுகிறது? தேவைப்படும்போது என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. தேவை என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் அப்டேட் போடாமல் இருப்பதற்கான தேவையாகவே இருக்கும். காணொலிக் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவிலும், ஊருக்குக் கிளம்புமுன் மடிக்கணினியைப் பையில் வைக்கும் தறுவாயிலும் கை டெர்மினலைத் திறக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததே காரணம். தொடரலாமா என்று பேக்மேன் கேட்கும்போது, ஆம் என்பதற்குரிய எழுத்தைப் பெரிதாகவும் இல்லை என்பதற்குரியதைச் சிறிதாகவும் காட்டுகிறது. வெறுமனே என்டர் தட்டினால் ஆம் என்று பொருள். கேள்விக்கு மேலே வரிசையாக நின்ற பேக்கேஜ் பெயர்களைப் படித்தவர் எவரேனும் உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. அமைப்புக் கோப்பில் 'ஐலவ்கேண்டி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், முன்னேற்றப் பட்டைக்குப் பதிலாகப் பழைய வீடியோ விளையாட்டின் வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே நகரும். கணினியின் அடிப்படை நூலகங்கள் இடம் மாறிக்கொண்டிருக்கையில் கண்ணுக்கு வேலை கொடுக்க அது உதவுகிறது.

இடைவெளியைப் பொறுத்து, தினம் போடுவோர், எப்போதாவது போடுவோர் என இரு தரப்பினர் உளர். தினம் போடுபவருக்கு ஒரு வேளைக்கு ஏழெட்டு பேக்கேஜ்கள் வரும்; ஒன்று உடைந்தால் அந்த ஏழெட்டுக்குள்தான் குற்றவாளி இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போடுபவருக்கு ஆயிரத்துக்கு மேல் வந்து குவியலாம். அவர் முதலில் சந்திப்பது கையொப்பச் சிக்கல்: பேக்கேஜைக் கட்டியவரின் சாவி இவர் கணினியிலுள்ள பழைய சாவிக்கொத்தில் இராது; பேக்மேன் ஒவ்வொரு பேக்கேஜையும் 'கெட்டது' என்று திருப்பி அனுப்பும். சாவிக்கொத்துப் பேக்கேஜை மட்டும் முதலில் புதுப்பித்து, உடனே முழு அப்டேட்டையும் போடுவது இதற்கு மருந்து. அதன்பின் மூன்று மாதத்து மாற்றங்கள் ஒரே இரவில் வந்து சேரும். உண்மையில் அவர் உருளும் முறையைக் கைவிட்டு, மொத்தமாக மாற்றும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார். சோதித்துப் பார்க்க ஆளில்லாமல் தனியாகத் திரும்பியிருக்கிறார் என்பதுதான் வேறுபாடு.

எப்போதாவது போடுவோர் தம் தரப்புக்கு 2024ஐ எடுத்துக்காட்டுவர். அவ்வாண்டு மார்ச் 29 அன்று, எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிச் சென்ற ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை வெளிப்படுத்தினார். சிட், டம்பிள்வீட், ஆர்ச் ஆகியவற்றில் அப்பதிப்புகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. ஒழுங்காக அப்டேட் போட்டவர்களுக்குக் கள்ளக்கதவு வந்தது, சோம்பேறிகளுக்கு வரவில்லை. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் சேவை அந்த நூலகத்தோடு இணைக்கப்படாததால் அந்த வழித் தாக்குதலுக்கு அங்கு இடமில்லை என்று மறுதரப்பு விடையளித்தது. நிலையான பதிப்புகளும் இவ்வகையில் தூய்மையானவை அல்ல: 2023 டிசம்பரில் கர்னல் 6.1.64இல் ஈஎக்ஸ்டி4 கோப்புத் தரவைக் கெடுக்கும் பிழை இருந்ததால் டெபியன் 12.3 நிறுத்தப்பட்டு, நேரே 12.4 வெளியானது. அந்த 6.1 வரிசை, நீண்டகாலம் பேணப்படும் நிதானமான கர்னல் வரிசை.

வகைகள்

முறிவின் வகைகளில் முதலாவது பகுதி அப்டேட். பேக்மேனில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிப்பது ஒரு செயல், பேக்கேஜ்களைப் புதுப்பிப்பது இன்னொரு செயல். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாமல், அந்தப் புதுப் பட்டியலிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு சிறு மென்பொருளை மட்டும் நிறுவுவது இதன் தோற்றுவாய். அந்தச் சிறு மென்பொருள், தன்னோடு ஐசியு போன்ற ஒரு நூலகத்தின் புதுப் பதிப்பையும் அழைத்து வரும். அந்நூலகத்தின் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. புதிது வந்ததும் பழைய எண்ணுள்ள கோப்பு நீங்கிவிடும். பழைய எண்ணை நம்பியிருந்த அத்தனை மென்பொருளும் 'பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை' என்று ஒரே வரியைச் சொல்லி நின்றுவிடும். கணிப்பான் ஒன்றை நிறுவப்போய் மேசைத்தளமே திறக்காமல் போவதன் காரணம் இது. பகுதி அப்டேட்டுக்கு ஆதரவில்லை என்று ஆர்ச் ஆவணங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆதரவில்லாததைச் செய்தது பயனரின் பிழை. ஆகவே இது கணினியின் முறிவு ஆகாது. இப்படி ஒரு வகை முழுதாகக் கழிகிறது.

இரண்டாவது, ரீபூட் செய்யாமை. கர்னல் புதுப்பிக்கப்படும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலின் துணை மாட்யூல்கள் வட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியவை ஓடும். புதிதாக ஏற வேண்டியவை கிடைக்கா. பயனர் இதை அறிவது பென்டிரைவைச் செருகும்போது. பென்டிரைவ் தெரியாது. வேறு துளையில் செருகுவார். ஊதுவார். இன்னொருவரிடம் வேறு பென்டிரைவ் கேட்பார். விபிஎன்னும் இணையாது. ஒருமுறை ரீபூட் செய்தால் எல்லாம் சரியாகும். பழைய மாட்யூல்களைக் காத்துவைக்கும் கொக்கி ஒன்றும் தனிப் பேக்கேஜாகக் கிடைக்கிறது. அதை நிறுவியோர், நிறுவியதையே மறந்துவிடும் அளவுக்கு நிம்மதி பெறுகின்றனர். ரீபூட் செய்தால் போய்விடுவதை நோய் என்று எப்படிச் சொல்வது என்பது மரபினர் கேள்வி. இதுவும் கழிகிறது.

மூன்றாவது வகைக்கு அறிவிக்கப்பட்ட முறிவு என்று பெயர். துறையின் செவ்வியல் பகுதி இதுவே. ஆர்ச்சின் முகப்புப் பக்கத்தில் செய்திப் பகுதி ஒன்று உண்டு. கையால் ஏதாவது செய்ய வேண்டிய அப்டேட் வரும்போது, என்ன உடையும், எப்படித் தவிர்ப்பது என்பதை அங்கே எழுதுகிறார்கள். அப்டேட் போடுமுன் அதைப் படிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், உடைந்த கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் படிக்கப்படும் இலக்கியமாகவே அது வழங்கிவருகிறது.

2012 ஜூலையில் 'லிப்' என்னும் கோப்புறை வெறும் குறியிணைப்பாக மாற்றப்பட்டது. சி நூலகமும், மற்ற நிரல்களை ஓடவைக்கும் ஏற்றியும் அதனுள்தான் இருந்தன. சி நூலகத்தை விட்டுவிட்டு மற்றதை முதலில் புதுப்பித்து, பிறகு அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று செய்தி சொன்னது. அதைப் படியாதோருக்குக் 'கோப்பு ஏற்கெனவே உள்ளது' என்னும் பிழை வந்தது. அக்காலத்துப் பேக்மேனில் 'ஃபோர்ஸ்' என்று ஒரு விருப்பம் உண்டு. தடை எதுவாயினும் மேலெழுதிக்கொண்டு போ என்பது அதன் கட்டளை. பிழையைப் பார்த்தோரில் ஒரு சாரார் அதைக் கையிலெடுத்தனர். அடுத்த நொடி, கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூட ஓடவில்லை. நகலெடுக்கும் கட்டளை ஓடவில்லை. முறைப்படி அணைப்பதற்கும் கட்டளை இல்லை. திறந்திருந்த திரை மட்டும் அப்படியே அழகாக நின்றது. 2018இல் வந்த பேக்மேன் 5.1, எந்தக் கோப்பின்மேல் எழுதலாம் என்று பெயர் சொல்லிக் கேட்கும் விருப்பத்தைக் கொண்டுவந்தது. ஃபோர்ஸ் பின்னர் விலக்கப்பட்டது. மென்பொருளின் வரலாற்றில் ஒரு வசதி, பயனர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்காகவே நீக்கப்பட்ட நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

2022 ஆகஸ்டில் கிரப் என்னும் பூட் ஏற்றியின் முறை வந்தது. கிரப்புக்கு இரண்டு உறுப்புகள்: பூட் பகுதியில் பதிந்திருக்கும் நிரல் ஒன்று, அது படிக்கும் அமைப்புக் கோப்பு மற்றொன்று. பேக்கேஜை அப்டேட் செய்வதால் பதிந்திருக்கும் நிரல் தானாக மாறாது. புதிய கிரப் எழுதிய அமைப்புக் கோப்பில், ஃபர்ம்வேர் திரைக்குள் போகும் கட்டளை ஒரு புதிய கேள்வியோடு வந்தது: 'இந்த வசதி இங்கே உண்டா?' பழைய நிரலுக்குக் கேள்வி புரியவில்லை. கட்டளை மட்டும் புரிந்தது. உண்டா என்று கேட்டதற்கு, அது நேரே ஃபர்ம்வேர் திரைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. கணினியைப் போட்டால் பயாஸ் திரை. வெளியேறினால் மறுபடி பயாஸ் திரை. நிரலையும் அமைப்புக் கோப்பையும் சேர்த்தே புதுப்பிக்கும்படி ஆகஸ்ட் 30 தேதியிட்ட செய்தி அறிவுறுத்தியது. அமைப்புக் கோப்பைத் தொடாமல் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவனமாக இருப்பதாக எண்ணி ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் அதை மறுபடி எழுதியவர்கள்தாம் மாட்டிக்கொண்டனர். விடாமுயற்சி பற்றிய பொதுவான போதனைகளுக்கு இங்கே ஒரு விலக்கு தேவைப்படுகிறது.

2025 ஜூன் 21ஆம் நாள் செய்தி ஃபர்ம்வேர் பற்றியது. ஒரே பெரிய பேக்கேஜாக இருந்த லினக்ஸ் ஃபர்ம்வேர், உற்பத்தியாளர் வாரியாகப் பிரிக்கப்பட்டது. அதே சமயத்தில் என்விடியா கோப்புகளின் அடுக்குமுறையும் மூலத்தில் மாறியதால் பேக்மேன் திகைத்து நின்றுவிட்டது. என்விடியா அட்டையே இல்லாதவர்களின் திரையிலும் என்விடியா கோப்புகள் தடுப்பதாகப் பிழை வந்தது. ஃபர்ம்வேர் பேக்கேஜைச் சார்புகளைப் பாராமல் அடியோடு நீக்கிவிட்டு, மறுபடி நிறுவுவது மருந்து. இரண்டே கட்டளைகள். முதல் கட்டளைக்கும் இரண்டாவதற்கும் நடுவே கணினியில் ஃபர்ம்வேர் என்று ஒன்றுமே இராது. அந்த இடைவெளியில் பயனர் மின்சார வாரியத்தின் மீது காட்டும் நம்பிக்கை வேறெங்கும் காணக்கிடைக்காதது.

இவையெல்லாம் முன்கூட்டியோ உடனடியாகவோ அறிவிக்கப்பட்டவை. அறிவிக்கப்பட்டதைப் படிக்காதது பயனரின் பிழை. இவையும் கழிகின்றன.

நான்காவது, ஏயுஆர் என்னும் பயனர் களஞ்சியத்தால் வருவது. அங்கிருந்து நிறுவப் பயன்படும் யே போன்ற உதவி நிரல்கள் பேக்மேனின் உள் நூலகத்தோடு இணைத்துக் கட்டப்படுகின்றன. பேக்மேன் பெரிய அளவில் மாறும்போது அந்நூலகத்தின் எண்ணும் மாறும். 2024 மார்ச்சில் 6.1 வந்தபோது ஒருமுறை, செப்டம்பரில் 7.0 வந்தபோது மறுமுறை. இரண்டு முறையும் பழைய எண்ணைத் தேடி உதவி நிரல் விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டித்தரும் வேலையைச் செய்வது அதுவே. பயனர் மூலக்குறிப்பைத் தாமே இறக்கிக் கையால் கட்டுகிறார். ஏயுஆர் அதிகாரப்பூர்வமானது அன்று. ஆதலால் கணக்கில் வராது. அமைப்புக் கோப்பின் புதுப் பதிப்பு 'பேக்நியூ' என்னும் பின்னொட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, யாரும் சேர்த்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பது ஐந்தாவது வகை. அது வீட்டு வேலை, முறிவன்று. மூல ஆசிரியரின் நிரலிலேயே பிழை இருந்து, கிராஃபிக்ஸ் டிரைவர் கருந்திரை காட்டுவதும் வைஃபை விழுவதும் ஆறாவது. பிழை மேலே உள்ளது, ஆர்ச்சில் இல்லை. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வருகிறது. பத்தாண்டுக்காரர் சொன்ன விடையும் அதுவே.

மருந்து

முதல் மருந்து, ஒன்றும் செய்யாமல் பிழைச் செய்தியை முழுதாகப் படிப்பது. இதைக் கைக்கொண்டோர் மிகக் குறைவு என்பதால் இதன் பயனைப் பற்றிக் கூற அதிகம் இல்லை. கர்னல் 6.12 முதல், கர்னல் பீதியடைந்து நிற்கும்போது பிழை விவரத்தை க்யூஆர் குறியாகத் திரையில் காட்டும் வசதியும் சேர்ந்துள்ளது.

இரண்டாவது, கீழிறக்குதல். பேக்மேன் தான் நிறுவிய பேக்கேஜ்களின் பழைய பதிப்புகளை ஒரு கிடங்கில் வைத்திருக்கும். டெர்மினல் திறக்கும் நிலையில் கணினி இருந்தால், அங்கிருந்து நேற்றைய பதிப்பை எடுத்து நிறுவிவிடலாம். கிடங்கைத் துப்புரவு செய்யும் பேக்கேஷ் கருவி, ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று பதிப்புகளை விட்டுவைக்கிறது. பேக்மேனின் சொந்தத் துப்புரவுக் கட்டளையில் ஓர் எழுத்தை இரட்டித்துத் தட்டினால் ஒன்றையும் விட்டுவைக்காது. வட்டில் இடம் போதவில்லை என்று சென்ற வாரம் அதைத் தட்டியவருக்கு ஆர்ச் ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே களஞ்சியத்தின் நிலை நாள்வாரியாகச் சேமிக்கப்பட்டுள்ளது. மிரர் முகவரியில் ஒரு தேதியை எழுதி, கீழிறங்கவும் அனுமதிக்கும் கட்டளையைக் கொடுத்தால், கணினி முழுவதும் அந்தத் தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் தனக்கு என்னென்ன தொல்லை இருந்தது என்பது பயனருக்குப் போனபின் நினைவுக்கு வரும்.

மூன்றாவது, லைவ் யுஎஸ்பி. பூட் ஆகவே மறுக்கும் கணினிக்கு இதுவே வழி. ஆர்ச் நிறுவப்பட்ட நாளில் பயன்பட்ட அதே பென்டிரைவ் வேண்டும். அதில் இப்போது திரைப்படம் இருக்கும். வேறு கணினியில் படிமத்தை இறக்கி எழுதி, அதிலிருந்து பூட் செய்து, உடைந்த கணினியின் வேர்ப் பகுதியை இணைத்து, ஆர்ச்-சிரூட் என்னும் கட்டளையால் உள்ளே நுழைந்து, அரைகுறையாக நின்ற அப்டேட்டை முடிக்க வேண்டும். இவ்விடத்தில் மரபாக நிகழும் பிழை, பூட் பகுதியை இணைக்க மறப்பது. மறந்தால் புதிய கர்னல் வேர்ப் பகுதியிலுள்ள வெற்றுக் கோப்புறைக்குள் போய் விழும். எல்லாம் முடிந்ததென்று கட்டளைகள் சொல்லும். ரீபூட் செய்தால் பூட் ஏற்றி உண்மையான பூட் பகுதியில் இருக்கும் பழைய கர்னலை எழுப்பும். அதற்குரிய மாட்யூல்கள் அப்டேட்டில் போயிருக்கும். எழுந்த கர்னல் கைகால் இல்லாமல் கிடக்கும். அனுபவசாலிகள் இரண்டாம் முறை நுழையும்போது முதலில் பூட் பகுதியைத்தான் இணைக்கிறார்கள்.

இவற்றின் தேவையையே ஒழிக்க முயன்ற அமைப்புகள் சில. டம்பிள்வீட் ஒவ்வொரு தொகுப்பையும் வெளியிடுமுன் ஓப்பன்க்யூஏ என்னும் தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்க்கிறது. பயனரின் பக்கத்தில், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பிடிப்படத்தை ஸ்னாப்பர் எடுத்துவைக்கிறது. உடைந்தால் பூட் பட்டியலில் நேற்றைய படத்தைத் தேர்ந்தெடுத்து, பின்வாங்கும் ஒரே கட்டளையால் அதை நிலைப்படுத்தலாம். நிக்ஸ்ஓஎஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித் தலைமுறையாக வைத்துக்கொண்டு, எந்தத் தலைமுறைக்கும் திரும்ப விடுகிறது. ஸ்டீம் டெக் கருவியில் 2022 முதல் ஓடும் ஸ்டீம்ஓஎஸ் 3 ஆர்ச்சின்மேல் கட்டப்பட்டதே. ஆனால் அங்கே கணினிப் பகுதி இரண்டு பிரதிகளாக, எழுத முடியாதபடி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று ஓடும், மற்றதில் அப்டேட் இறங்கும். கையில் விளையாட்டுக் கருவியோடு இருப்பவர் செய்திப் பகுதியைப் படிப்பார் என்று அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. பின்வாங்கும் வசதி கொண்டோரிடமும் முறிவுகளின் எண்ணிக்கை கேட்கப்பட்டால் விடை பூஜ்யமே. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டதை அவர்களும் சேர்ப்பதில்லை.

கடைசியாகக் கீழிறக்கத்தின் பின்விளைவு. கீழிறக்கிய பேக்கேஜ் அடுத்த அப்டேட்டில் மறுபடி ஏறிவிடாமலிருக்க, அமைப்புக் கோப்பின் புறக்கணிப்பு வரியில் அதன் பெயரை எழுதுகிறார்கள். மேலே பிழை திருத்தப்பட்டதும் பெயரை அழித்துவிட வேண்டும். அழிக்கப்பட்டதற்கான சான்று அரிது. ஒவ்வொரு அப்டேட்டிலும் 'இந்தப் பேக்கேஜ் புறக்கணிக்கப்படுகிறது' என்று பேக்மேன் ஓர் எச்சரிக்கை வரி அச்சிட்டுக்கொண்டே வரும். நாளடைவில் அந்த வரி கண்ணுக்குத் தெரியாமற்போகும். சுற்றியுள்ள நூலகங்கள் எல்லாம் முன்னே போய்விட, அந்த ஒன்று மட்டும் பழைய இடத்தில் நின்று, ஒரு நாள் திறக்க மறுக்கும். இது பகுதி அப்டேட் வகையுள் அடங்கும். ஆகவே கணக்கில் சேராது.